பள்ளத்துப் பக்கத்து சீட்

மார்ச் 3, செவ்வாய்

போடி ஆஸ்பத்திரியில் இவர் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண், நிவேதா, தினமும் வீட்டில் என்னென்ன செய்தார் என்று குறித்து வரச் சொன்னாள். உரக் கம்பெனி கொடுத்த டைரி வெறுமனே கிடந்தது. இதில் எழுதுகிறேன்.

இன்று: படுத்தபடி வலது கணுக்காலை அசைத்தது, கொஞ்சம். முட்டியை மடக்கி நீட்டியது, பாதிவரை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது, ஒரே ஒரு தடவை.

நிவேதா என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். "அக்கா, நரம்பு அறுந்து போகல, நசுங்கித்தான் இருக்கு. வாரம் ரெண்டு நாள் விடாம வந்தா இந்தக் காலு வேலை செய்யும். இப்ப விட்டுட்டீங்கன்னா தசை சுருங்கிரும். அப்புறம் நானே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. மழைக்கு முன்னாடி அவர் தனியா நாலு எட்டு வைக்கணும்." மழை பிடித்தால் எங்கள் பாதையை அடைத்துவிடுவார்கள் என்று அவளிடம் சொன்னது நான்தான்.

திரும்பும்போது எஸ்டேட் பாதையில் வண்டிக் குழாயைப் பிடித்தபடியே வந்தார். வீட்டில் இறக்கியபோது சட்டை முதுகுப்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. இன்று வெயிலே இல்லை.

மார்ச் 6, வெள்ளி

வர மாட்டேன் என்றுவிட்டார்.

"உன் வண்டில ஏறுனா முதுகுக்குள்ள ஆப்பு அடிக்கிற மாதிரி இருக்குடி தவமணி. நீ மட்டும் போ. போயி அந்தப் பிள்ளைகிட்ட, சுருளிவேலு காலு செத்துப்போச்சுன்னு சொல்லிட்டு வா."

என் வண்டி என்று அவர் சொல்வது எஸ்டேட்டின் பக்கி. மருந்து டேங்கும் உரமூட்டையும் ஏற்ற வாங்கியது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட், மேலே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு, பின்னால் சிறிய தொட்டி, கரடுமுரடான பெரிய டயர். வெளிநாட்டு வண்டி என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம். ஏலக்காய் ஸ்டோரில் நான் சூப்பர்வைசர். டிரைவர்கள் எல்லாரும் கீழே வேலைக்குப் போய்விட்டதால் மேனேஜர் மேத்யூ சார் எனக்கு அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அன்றிலிருந்து இவருக்கு அது பொம்மை வண்டி. இவர் இந்த மலையில் ஜீப் ஓட்டியே வாழ்ந்தவர். இப்போது செவ்வாயும் வெள்ளியும் அந்தப் பொம்மை வண்டியில்தான் தோப்பு முக்குவரை இறங்க வேண்டியிருக்கிறது. அங்கிருந்து தார் ரோடு, பஸ்.

போடியில் என் தங்கச்சி வீட்டில் கொஞ்ச நாள் தங்கலாம் என்றேன்.

"கொழுந்தியா வீட்ல கக்கூஸுக்குக் கைத்தாங்கலாப் போகணுமாக்கும்" என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

மார்ச் 8, ஞாயிறு

அவர் உட்காரும் சீட்டில் பாதி வாளி தண்ணீர் வைத்துக் கட்டிக்கொண்டு, பாதையில் இறங்கி ஏறினேன். தண்ணீர் முன்னாலும் பின்னாலும் சிந்தவில்லை. இரண்டு பக்கமும்தான் சிந்தியது. ஆக, குழி தூக்கிப் போடுவதில்லை. வண்டி ஆளைப் பக்கவாட்டில் வீசுகிறது. இடுப்பு எலும்பு உடைந்து சேர்ந்தவருக்கு அதுதான் ஆகாது.

தேனியிலிருந்து வந்து இந்த வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் காசிமுக்குப் போன் போட்டேன்.

"அதுவாக்கா, பின்னாடி ரெண்டு சக்கரத்தையும் ஒரு வளைஞ்ச கம்பி சேத்துப் பிடிச்சிருக்கும். ஸ்வே பாருன்னு பேரு. வளைவுல வண்டி சாயாம இருக்க அதை வச்சிருக்காய்ங்க. ஆனா ஒரு சக்கரம் கல்லுல ஏறுச்சுன்னா அந்தக் கம்பி இன்னொரு சக்கரத்தையும் சேத்து இழுக்கும். அப்பத்தேன் ஆளைத் தூக்கி அங்கிட்டும் இங்கிட்டும் அடிக்கும்."

"அதைக் கழட்டிட்டா?"

"கல்லுல மெத்தை மாதிரி போகும். ஆனா சரிவுல சாயும்க்கா. நல்லாவே சாயும். வேகமாப் போறவய்ங்க அதுல கை வைக்கக் கூடாது."

"நான் வேகமாப் போறதில்ல."

"அப்பக் கழட்டிப் பாருங்க. வேணாம்னா திரும்ப மாட்டிக்கலாம்."

மார்ச் 10, செவ்வாய்

கம்பியைக் கழற்றப் போவதைக் காலையில் இட்லி வைக்கும்போது சொன்னேன்.

"சாயுமா?" என்று கேட்டார். முதுகுக்கு நல்லதா என்று கேட்கவில்லை.

"சாயும்னுதேன் காசிம் சொல்றான். கவுறாது."

"கம்பெனிக்காரன் என்ன கிறுக்கனா, வேலையத்துப் போயி அந்தக் கம்பியை வச்சானா? இந்த ரோட்டுல சாயிற வண்டியை ஓட்டப் போறியா நீ? ஜீப்பு ஓட்டுனவன் நானா, நீயா?"

இட்லியைத் தள்ளிவிட்டார். அப்புறம் சாப்பிட்டார். இன்றும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

மார்ச் 13, வெள்ளி

போகவில்லை. நிவேதா இரண்டு முறை கூப்பிட்டாள். கேஸ் சிலிண்டர் வந்தது.

மார்ச் 15, ஞாயிறு

மேத்யூ சாரிடம் நேற்றே அனுமதி வாங்கினேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, மலையாளத் தமிழில், "தவமணி, சூக்ஷிச்சு போகணும் கேட்டோ. மெல்ல, மெல்ல" என்றார். கவனமாகவே போகிறேன் என்றேன்.

ஸ்டோர் முற்றத்தில் சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கல் கொடுத்தேன். கம்பியின் இரண்டு நுனியிலும் ஒரு சின்னத் தண்டு இருக்கிறது. அதுதான் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கிறது. வலது பக்க நட்டு பதினேழு நம்பர் ஸ்பானருக்கு உடனே வந்துவிட்டது. இடது பக்கம் நட்டோடு உள் தண்டும் சேர்ந்து சுற்றியது. எவ்வளவு சுற்றினாலும் கழலவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுப் போய்ச் சோறு வடித்தேன். திரும்பி வந்து தண்டின் கழுத்தைக் குறட்டால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் நட்டைத் திருகினேன். வந்தது.

பிறகு கம்பியை அடிச்சட்டத்தோடு பிடித்திருந்த இரண்டு கவ்விகள். நான்கு போல்ட்டும் துரு. மதியம் ஆகிவிட்டது. கம்பி நேராக வெளியே வரவில்லை. இடது பின் சக்கரத்தைக் கழற்றித்தான் உருவ முடிந்தது. நினைத்ததைவிடக் கனமில்லை.

முற்றத்தை ஒட்டிய எங்கள் வீட்டு வாசலில் இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நட்டு சுற்றிக்கொண்டே இருந்தபோது எப்படிப் பிடிப்பது என்று அவரைத்தான் கேட்டேன். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு கால் வராதவர் நாற்காலியைத் திருப்புவது லேசான வேலையில்லை. அதையும் இன்றைய பயிற்சியில் சேர்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 17, செவ்வாய்

அவர் வரவில்லை. ஓட்டிப் பார்ப்பதற்காக அவர் எடைக்கு இரண்டு மண்புழு உர மூட்டையைச் சீட்டில் வைத்து பெல்ட் போட்டேன். வாக்கர், தண்ணீர் கேன், பஸ்ஸுக்கான பை எல்லாவற்றையும் பின் தொட்டியில் மேட்டுப் பக்கமாக ஒதுக்கிக் கட்டினேன். இந்த மலையில் யாரும் அப்படித்தான் கட்டுவார்கள். பாரம் மேட்டுப் பக்கம் இருந்தால் வண்டி பள்ளத்தைப் பார்த்துச் சாயாது. ஜீப்பில் ஏறும் ஆட்களும் ஆனைமுடக்கு வளைவு வந்தால் தாமாகவே மலைப்பக்கம் சாய்ந்து உட்காருவார்கள். குழந்தைகள்கூட.

கல்லில் வண்டி அருமையாகப் போயிற்று. ஒவ்வொரு சக்கரமும் தன் பாட்டுக்கு ஏறி இறங்கியது. வாளி வைத்திருந்தால் ஒரு சொட்டு சிந்தியிருக்காது. ஆனால் ஆனைமுடக்கில் மேட்டுப் பக்கச் சக்கரம் குழியில் இறங்கியதும், அந்தப் பக்கப் பாரத்தோடு வண்டி மொத்தமும் மலைமேல் போய்ச் சாய்ந்தது. கூண்டுக் குழாய் பாறையில் உரசிற்று. உரசிய வேகத்தில் வண்டியின் முகம் பள்ளத்துப் பக்கம் திரும்பியது. நிறுத்திவிட்டேன். ரிவர்ஸ் எடுத்து வண்டியை நேராக்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் குழாயில் இருந்த கீறலைப் பார்த்துவிட்டார்.

"எங்க?"

"ஆனைமுடக்கு."

"சாமானை மேட்டுப் பக்கம் கட்டுனியா?"

"வேற எங்க கட்டுவாக? நீங்க சொல்லித்தந்ததுதானே."

"அடி லூசு, அது ஜீப்புக்கு. ஜீப்புல ஸ்பிரிங்குப் பட்டை கட்டை மாதிரி நிக்கும், பாரம் எங்கிட்டு இருந்தாலும் அசையாது. நீதேன் கம்பியைக் கழட்டிட்டியே. இப்ப எங்கிட்டு வெயிட்டோ அங்கிட்டு விழும். நடுவுல கட்டு. கீழ, தரையோட கட்டு. ஆளும் நடுவுல உக்காரணும், மலைப்பக்கம் சாயக் கூடாது."

நவம்பரில் அடிபட்ட பிறகு அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்கவில்லை. அவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். உடனே, "என்னமோ செய்" என்று படுத்துக்கொண்டார்.

மார்ச் 24, செவ்வாய்

வண்டியை வாசலோடு ஒட்டி நிறுத்தினேன். வாக்கரைத் தொட்டியின் நடுவில் கட்டினேன். ஏறி உட்கார்ந்து எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தேன். கூப்பிடவில்லை. பெட்ரோல் வீணாவதை அவரால் பொறுக்க முடியாது. வந்தார்.

பெல்ட் போட மறுத்தார். "ஜீப்புக்காரன் எவனாவது பெல்ட்டு போட்டுப் பாத்திருக்கியா? ஒண்ணுன்னா சட்டுன்னு குதிக்க வேணா..."

முடிக்கவில்லை. கொஞ்சம் கழித்து பெல்ட்டை அவரே இழுத்து மாட்டிக்கொண்டார்.

கீழே இறங்கும்போது அவருடைய சீட் பள்ளத்துப் பக்கம். ஆனைமுடக்கில் வண்டி வலப்புறம் சாய்ந்தது. நான் எதிர்பார்த்த அளவுதான். அவர் கூண்டுக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். முதுகு வலிக்கிறதா என்றேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

தோப்பு முக்கு ஜீப் ஸ்டாண்டில் லூர்துசாமி நின்றிருந்தான். இவருடைய கூட்டாளி. நவம்பரில் இவரைத் தூக்கிப்போட்டுக்கொண்டு போடிக்கு ஓட்டியது அவன்தான். ஆனால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"மாப்ள! தங்கச்சி பெல்ட்டு போட்டுக் கட்டி வச்சுருச்சா? நல்லதுடா. இந்தத் தடவை ஓடிப்போக மாட்டே."

நாலைந்து பேர் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். பஸ்ஸில் போடிவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பயிற்சி நன்றாக நடந்தது. முட்டி முக்கால்வாசி மடங்குகிறது என்றாள் நிவேதா. திரும்பி ஏறும்போது அவர் சீட் மேட்டுப் பக்கம். ஏற்றம் முழுக்க அவர் கட்டைவிரல் பெல்ட்டின் சிவப்பு பட்டன்மேலேயே இருந்தது. சட்டை நனையவில்லை.

மார்ச் 27, வெள்ளி

முதுகு வலி என்றார். போகவில்லை.

டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தேன். சீட்டில் பழைய மெத்தைத் துண்டை மடித்துப் போட்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

மீண்டும் முதுகு வலி. ஆனால் காலையில் காட்டுமாடு தோட்டத்துக்குள் வந்துவிட்டது என்று கத்தல் கேட்டபோது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நிமிர்ந்துதான் வந்தார்.

கம்பியைத் திரும்ப மாட்டச் சொன்னார். மாட்ட மாட்டேன் என்றேன்.

ஏப்ரல் 2, வியாழன்

நிவேதாவுக்கு இனி தனித்தாளில் எழுதிக் கொடுத்துக்கொள்கிறேன். இது எனக்கு.

போன நவம்பரில் நடந்ததை எழுதி வைக்கிறேன். மழை நாள். போடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஸ்டோர்ப் பெண்கள் மூன்று பேரும் நாங்களும் இவருடைய ஜீப்பில் ஏறி வந்துகொண்டிருந்தோம். பெண்கள் பின்னால். நான் முன் சீட்டில், இவருக்கு இடது பக்கம். ஏறும்போது அதுதான் பள்ளத்துப் பக்கம். ஆனைமுடக்கில் இடது பின்சக்கரம் ஓரத்து மண்ணோடு இறங்கியது. ஜீப் என் பக்கமாகச் சாய்ந்தது. இவர் வலது பக்கம் குதித்தார். மலையைப் பார்த்து. கீழே பாறை. இடுப்பு அதில்தான் அடிபட்டது.

ஜீப் கவிழவில்லை. நின்றுவிட்டது. நாங்கள் ஒவ்வொருவராக டிரைவர் பக்கமாகவே இறங்கினோம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அடியில் ஒரு மரக்கட்டை தடுத்து நிறுத்தியது என்று ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம், தவறி விழுந்தார் என்று சொன்னேன். இவரிடம் இதைப் பற்றி நான் ஒன்றும் கேட்டதில்லை. எனக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை. காலை நேராக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஸ்டோருக்குப் பின்னால் புல் சரிவு ஒன்று இருக்கிறது. உருண்டாலும் வேலிவரைதான். அவரை நாற்காலியோடு அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

"என்னடி, சர்க்கஸ் காட்டப் போறியா?"

சரிவின் குறுக்கே வண்டியை ஓட்டினேன். சாய்ந்தது. திரும்பி வந்து இன்னும் செங்குத்தான இடத்தில் ஓட்டினேன். இன்னும் சாய்ந்தது. அங்கேயே நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் சக்கரங்களையே பார்த்தார். பிறகு, "மேல்பக்கச் சக்கரம் ரெண்டும் தரையிலதேன் இருக்கு" என்றார்.

"ஆமா."

"கம்பி இருந்தா அது தூக்கியிருக்கும்."

"ஆமா."

"கீழ்ப்பக்க ஸ்பிரிங்கு அமுங்குனது போதும். அதுக்கு மேல சாயாது போல."

"உக்காந்து பாத்தாத்தேன் தெரியும்."

"போடி" என்றார். அரை மணி கழித்து, "எந்தப் பக்கம் உக்காரணும்?" என்று கேட்டார்.

கீழ்ப்பக்கம் என்றேன்.

ஏப்ரல் 6 முதல் 9 வரை

தினமும் சாயங்காலம் புல் சரிவு. முதல் நாள் குழாயை இரண்டு கையாலும் பிடித்தார். நேற்று ஒரு கை. இன்று கையை மடியில் வைத்துக்கொண்டு, என் கிளட்ச் பிடிக்கிற பழக்கத்தைப் பற்றிக் குறை சொன்னார். இந்த வண்டியில் கிளட்சே இல்லை என்றேன்.

மேத்யூ சாரின் நாய் தினமும் வந்து வேடிக்கை பார்க்கிறது.

ஏப்ரல் 10, வெள்ளி

போனோம்.

ஸ்டாண்டில் லூர்து, "வாங்க வாங்க, கப்பல் வருது" என்றான். வண்டி ஆடி ஆடி வருவதைச் சொல்கிறான். இவர், "கப்பல்ல ஏற டிக்கெட்டு வேணும்டா, உனக்குக் கட்டுபடியாகாது" என்றார். அவன் பக்கம் திரும்பாமல்தான் சொன்னார்.

ஏப்ரல் 28, செவ்வாய்

ஒரு நாள்கூட விடவில்லை. இன்று பயிற்சிக் கம்பியை விட்டுவிட்டு நின்றார். நிவேதா கைதட்டினாள். அவள் கைதட்டியதில் பயந்து திரும்பக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

தோட்டத்துக்குத் தண்ணீர் போதவில்லை. மோட்டாரை இரண்டு முறை இறக்கி ஏற்றினோம்.

மே 22, வெள்ளி

இரண்டு எட்டு. வாக்கர் இல்லாமல். மூன்றாவதுக்கு வலது பாதம் தொங்கிவிட்டது. பாதத்தில் இன்னும் உணர்ச்சி முழுதாக வரவில்லை. தரையில் பட்டதா, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிவதில்லை.

காலுக்கு ஒரு பிரேஸ் செய்து மாட்டினால் பாதம் தொங்காது என்கிறாள் நிவேதா. அளவெடுத்துவிட்டாள். மதுரையிலிருந்து ஆள் ஜூன் முதல் வெள்ளிக்கிழமை கொண்டுவந்து மாட்டிச் சரிபார்ப்பார். "அது மட்டும் இருந்துட்டா மழை மாசம் பூரா வீட்டுக்குள்ளயே நடந்து பழகிரலாம் அக்கா. அன்னைக்கு மட்டும் விட்ராதீங்க. அப்புறம் அவர் வர ரொம்ப நாளாகும்."

ஜூன் 3, புதன்

மழை தொடங்கிவிட்டது. மேத்யூ சார் சனிக்கிழமையிலிருந்து பாதையை அடைக்கச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ஒரு தடவை மட்டும் இறங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் மழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்றார்.

ஜூன் 5, வெள்ளி

இதை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் மழை விட்டிருந்தது. கல்லெல்லாம் வழுக்கல். நடை வேகத்துக்கும் கீழேதான் இறங்கினேன். ஆனைமுடக்கில் பாதையின் ஓரம் பார்வைக்குக் கெட்டியாக இருந்தது. உள்ளே அரித்திருக்கிறது. முன்சக்கரம் கடந்துவிட்டது. பின்சக்கரம், வலது பக்கம், மண்ணோடு இறங்கியது.

வண்டி வலப்புறம் சாய்ந்தது. புல் சரிவில் சாய்ந்ததைவிட அதிகம். அவர் தோளுக்கு நேர் கீழே மரங்களின் தலை தெரிந்தது. இடது பக்கச் சக்கரம் இரண்டும் தரையை விடவில்லை. அதைத் தலையை நீட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். பார்க்கிங் கியரில் போட்டேன். வண்டி நின்றது. ஆனால் மண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது.

யாராவது இறங்கிப்போய்ச் சக்கரத்துக்கு அடியில் கல் கொடுக்க வேண்டும். இறங்குகிற வழி என் பக்கம், மலைப்பக்கம் மட்டும்தான். இறங்கக்கூடிய ஆளும் நான் மட்டும்தான்.

"ஏங்க."

"தெரியுது. சொல்லு."

"நான் எறங்கணும். கல்லு வைக்கணும். நான் எறங்குனதும் பெல்ட்டைக் கழட்டிட்டு என் சீட்டுக்கு நகந்துருங்க. வெயிட்டு இங்கிட்டு வரணும்." பிறகு சொன்னேன், "நான் எறங்கிட்டா நீங்க மட்டும்..."

"போடி. நான் இருக்கேன்."

இறங்கினேன். அவர் கையை ஊன்றி, வலது காலை ஒரு பையைத் தூக்குவதுபோல் தூக்கி வைத்து, டிரைவர் சீட்டுக்கு வந்தார். மலைப்பக்கம் ஒரு எட்டு தூரத்தில்தான் தரை இருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் என்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் பின்னால் சுற்றிப்போய், பள்ளத்தில் ஒரு வேரில் காலை வைத்து நின்று, சக்கரத்துக்கு அடியில் கல்லை அடைத்தேன். பெரிய கல், அதன்மேல் சின்னது, இடுக்கில் உடைந்த கிளை. வண்டி வழுக்கினால் நான் நிற்கும் பக்கம்தான் வரும். வேலை நிறைய இருந்தது.

"லோ கியர் போடுங்க. நான் சொல்றப்ப மெல்ல மிதிங்க."

"மெல்ல மிதிக்கிறேனா இல்லையான்னு எனக்கே தெரியாதுடி! பாதத்துல ஒண்ணும் தெரியல."

"கையால முட்டியை அமுக்குங்க."

இடது கால் பிரேக்கில். இடது கை ஸ்டியரிங்கில். வலது கையின் உள்ளங்கையை முட்டிமேல் வைத்து அமுக்கினார். எஞ்சின் சத்தம் கொஞ்சம் ஏறியது. பிரேக்கை விட்டார். சக்கரம் கல்லைப் பிடித்தது, ஒரு கல் நழுவி என் காலுக்குப் பக்கத்தில் உருண்டது. மற்ற மூன்று சக்கரமும் இழுத்தன. வண்டி ஏறிவிட்டது. அவர் வளைவைத் தாண்டி, அகலமான இடம்வரை அதே மாதிரி முட்டியை அமுக்கிக்கொண்டே ஓட்டிப்போய் நிறுத்தினார்.

நான் மேலே ஏறி நடந்து வண்டியை அடைந்தபோது நகர்ந்து தன் சீட்டுக்குப் போய்விட்டிருந்தார். பெல்ட்டும் போட்டிருந்தார்.

"அடி பட்டுச்சா?" என்றார்.

"இல்ல."

"சேலையெல்லாம் சேறு."

"ஆஸ்பத்திரில கழுவிக்கிறேன்."

ஸ்டாண்டில், மறுபடி பிடித்த மழைக்கு ஒதுங்கி எல்லாரும் டீக்கடைத் தகரத்தின் கீழ் நின்றிருந்தார்கள். லூர்து பார்த்ததுமே ஆரம்பித்தான். "என்ன தங்கச்சி, கப்பலு சேத்துல முங்கிருச்சா?"

இவர் பதில் சொன்னார். "ஆனைமுடக்குல பின்சக்கரம் எறங்கிருச்சு."

லூர்து டீக்ளாஸைக் கீழே வைத்தான்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. இவ எறங்கிப் பள்ளத்துல நின்னு கல்லு வச்சா. நான் வண்டில இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். மூச்சு வாங்குகிறாரோ என்று நினைத்தேன். "போன தடவை நான் எறங்கிட்டேன். இவ வண்டில இருந்தா. கட்டையும் தடுக்கல, ஒண்ணும் தடுக்கல லூர்து. இவதேன் இந்தப் பக்கம் எக்கி ஹேண்ட் பிரேக்கை இழுத்தா. பாறைல கெடந்து பாத்துக்கிட்டுத்தேன் இருந்தேன்."

ஹேண்ட் பிரேக்கை இழுத்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. இவர் பார்த்தார் என்பது இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

யாரும் சிரிக்கவில்லை. லூர்து நனைந்துகொண்டே வந்து தொட்டியிலிருந்து வாக்கரை அவிழ்த்தான். இவர், "அங்க வையி, நானே வர்றேன்" என்றார்.

நான் எஞ்சினை அணைத்தேன். அணைக்க மறந்தே உட்கார்ந்திருந்திருக்கிறேன். போடி பஸ் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய்க் கை காட்டி நிறுத்தினேன். கண்டக்டர், "சீக்கிரம் ஏறுங்கம்மா" என்றார்.

"இருங்க. எங்க வீட்டுக்காரரு நடந்து வர்றாரு" என்றேன்.